இசிஜி நார்மல், ஆனால் எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி:

டாக்டர், எனக்கு 36 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன்பு கண் வறட்சி, வாய் வறட்சி, மூட்டு வலி என்று ஆரம்பித்து, கடைசியில் ஷோக்ரன் நோய் என்று சொன்னார்கள். முதல் ஆறு மாதம் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்தினார்கள். இப்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும். உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. ஒரு வருடமாகப் புதிதாக ஒரு தொல்லை. காலையில் எழுந்து சமையலறைக்குப் போவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. போர்டு அருகே நின்று பாடம் நடத்தினால் கைக்கடிகாரம் 130 என்று காட்டுகிறது. கால் துவள்கிறது, கண் இருட்டுகிறது. உட்கார்ந்தால் சரியாகிறது. இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். தைராய்டுக்கான டிஎஸ்எச் நார்மல். ஹீமோகுளோபின் 10.2, 'கொஞ்சம் கம்மி, பரவாயில்லை' என்றார்கள். பி.பி. 104/70. இதய மருத்துவர் 'டென்ஷன் ஆகாதீங்கம்மா' என்று சொல்லி, துடிப்பைக் குறைக்க ப்ரொப்ரனலால் 40 மி.கி. கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் கை ஜில்லிட்டுப் போய் தலைசுற்றல் அதிகமாகிறது. நிறுத்திவிட்டேன். போன வருடம் கொடைக்கானல் போனபோது விரல்கள் வெள்ளையாகிப் பிறகு நீலமானது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் நான் எதையோ நினைத்துப் பயப்படுகிறேன் என்கிறார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றால் ஏன் இப்படி அடிக்கிறது? நான் கற்பனை செய்கிறேனா? இதோடு காலம் முழுக்க வாழ வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். நீங்கள் கற்பனை செய்யவில்லை. கடிகாரம் 130 என்று காட்டுகிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது. கற்பனைக்கு நிற்பதும் உட்காருவதும் தெரியாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒரு வரிதான்: "உட்கார்ந்தால் சரியாகிறது." படபடப்பு என்று வருபவர்களிடம் எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்கிறோம். எந்த நிலையில் இருக்கும்போது என்று கேட்பவர்கள் குறைவு. ஷோக்ரன் போன்ற ஆட்டோ இம்யூன் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய், உள்ள ஒருவருக்கு இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

இசிஜி என்பது நீங்கள் படுத்திருக்கும்போது சில வினாடிகள் எடுக்கிற பதிவு. எக்கோவும் படுக்க வைத்துத்தான் பார்க்கிறார்கள். உங்களுக்குத் தொல்லை வருவது நிற்கும்போது. அப்படியிருக்க, படுத்த நிலையில் எடுத்த பரிசோதனைகள் நார்மல் என்று வந்ததில் வியப்பில்லை. அவை வீணும் இல்லை. இதயத் தசை நன்றாகச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் சரி, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கவில்லை, நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தம் ஏறியதற்கான அடையாளம் இல்லை என்பதெல்லாம் அதிலிருந்து தெரிகிறது. ஷோக்ரன் உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் "இதயத்தில் கோளாறு இல்லை" என்பதிலிருந்து "அப்படியானால் மனசுதான்" என்று ஒரே தாவாகத் தாவிவிடக் கூடாது. நடுவில் நரம்பு இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன.

எழுந்து நிற்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் புவியீர்ப்பால் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. தானியங்கி நரம்புகள் உடனே அங்குள்ள ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நாம் உணராமலே இது நடந்துவிடும். ஷோக்ரன் நோயில் கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. மிக மெல்லிய நரம்பு இழைகளும் சிலருக்குப் பழுதாகின்றன. ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும் கட்டளையைக் கொண்டுபோவது அந்த இழைகள்தான். கட்டளை சரியாகப் போய்ச் சேராவிட்டால் ரத்தம் கீழேயே தங்கும், மூளைக்குப் போவது குறையும், ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். கீழ் வீட்டுக் குழாய்களெல்லாம் திறந்து கிடந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமே, அதுபோல. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியாது.

இப்படி நிற்கும்போது மட்டும் துடிப்பு ஏறுவதற்கு 1993-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்', சுருக்கமாக 'பாட்ஸ்' என்கிறோம். ஆனால் நோய் அதைவிடப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்கள் பலருக்குக் காரணமில்லாத படபடப்பும் களைப்பும் இருந்ததை 1871-இல் டா காஸ்டா என்ற மருத்துவர் விரிவாக எழுதினார். படுத்தால் நாடி இறங்குவதையும் நின்றால் ஏறுவதையும் அவரே குறித்திருக்கிறார். அதன் பிறகு வந்த பலர் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, பதற்ற நோய் என்ற பெட்டிக்குள் இவர்களைப் போட்டார்கள். இன்று பாட்ஸ் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்புவது இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சரி, உங்களுக்கு இருப்பது பாட்ஸ்தானா? கடிதத்தை வைத்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்களே வீட்டில் முதல் படியைச் செய்து பார்க்கலாம், செலவும் இல்லை. வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி இருந்தால் நல்லது, அதிலேயே நாடித்துடிப்பும் தெரியும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்சிமீட்டர் இருந்தாலும் சரி. கைக்கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது சில சமயம் தவறும். காலையில் காபிக்கு முன்பு, பத்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். பி.பி.யையும் துடிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்கும்படி நின்று, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். பேச்சு வேண்டாம், கால் மாற்றி நிற்க வேண்டாம். 1, 3, 5, 7, 10-ஆவது நிமிடங்களில் மறுபடி எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், பத்து நிமிடம் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. வெவ்வேறு நாட்களில் சில முறை செய்யுங்கள்.

எழுந்த முதல் அரை நிமிடம் எல்லோருக்கும் துடிப்பு சற்று எகிறும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் படுத்திருந்ததைவிட 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நின்றால், அதோடு பி.பி. பெரிதாக விழவில்லை என்றால், இந்தத் தொல்லை மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், பாட்ஸ் என்று நினைக்க இடம் உண்டு. 12 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த அளவு 40. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் பி.பி. 20 அல்லது கீழ் பி.பி. 10 விழுந்தால் அது வேறு பிரச்சினை, அதற்கான வழியும் வேறு. பெரிய மருத்துவமனைகளில், படுக்கவைத்த மேசையையே மெல்ல நிமிர்த்தித் துடிப்பையும் பி.பி.யையும் பார்க்கும் சாய்மேசைப் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். குழப்பமான நேரங்களில் அது உதவும். ஆனால் பலருக்கு இந்தச் சுவர்ச் சோதனையே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துடிப்பு 30 ஏறிவிட்டது, எனவே பாட்ஸ் என்று முடித்துவிட்டால், 'டென்ஷன்' என்று முடித்தவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். ரத்தம் குறைவாக இருந்தாலும், உடம்பில் நீர் வற்றினாலும், சில மாத்திரைகளாலும் இதே ஏற்றம் வரும். அவற்றைச் சரிசெய்தபின்தான் அந்தப் பெயரை ஒட்ட வேண்டும். உங்கள் கடிதத்திலேயே மூன்று துப்புகள் இருக்கின்றன.

ஒன்று, ஹீமோகுளோபின் 10.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். நான் இதைப் "பரவாயில்லை" என்று விடமாட்டேன். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமப்பது குறைந்தால் இதயம் கூடுதல் தடவை அடித்துத்தான் ஈடுகட்டும். இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். ஆட்டோ இம்யூன் நோயாளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும், இரும்பு குறைவாக இருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் போலத் தெரியும். அதனால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் இரும்பு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். பி12 அளவும் பார்க்க வேண்டும். ஆட்டோ இம்யூன் நோய் ஒன்று இருப்பவர்களுக்கு வயிற்றுச் சுவரைத் தாக்கும் இன்னொன்று சேர்ந்து வருவதுண்டு, அப்போது பி12-உம் இரும்பும் உடம்பில் ஏறாது. அப்புறம், இரும்பு மாத்திரையை காபி, டீயோடு சாப்பிடாதீர்கள், பாதி வீணாகும்.

இரண்டாவது, அமிட்ரிப்டிலின். வலிக்கும் தூக்கத்துக்கும் நல்ல மருந்துதான், நானும் எழுதித் தருகிறேன். ஆனால் அது இதயத் துடிப்பை ஏற்றக்கூடியது, எழும்போது பி.பி.யைக் குறைக்கக்கூடியது, வாய் வறட்சியை அதிகமாக்கக்கூடியது. ஏற்கெனவே வாய் வறண்டு கிடக்கும் ஷோக்ரன் நோயாளிக்கு இது மூன்று பக்கமும் இடிக்கிறது. படபடப்பு ஆரம்பித்ததும் இந்த மாத்திரை ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட ஒரே காலமா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், இதைக் குறைத்துப் பார்க்கலாமா, மாற்று உண்டா என்று கேளுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் துடிப்பை ஏற்றும்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அமிட்ரிப்டிலின் இரண்டுமே இசிஜியில் 'க்யூடி' என்ற இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்தூண்டல் பெற்று மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடியவை. உங்கள் இசிஜி நார்மல் என்று சொல்லியிருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொண்டை வலிக்கு அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு ஆஃப்லாக்சசின், வாந்திக்கு டோம்பெரிடோன் அல்லது ஆன்டான்செட்ரான் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அவையும் அதே இடைவெளியை நீட்டுபவை. மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். எந்த டாக்டரிடம் போனாலும் உங்கள் மாத்திரைப் பட்டியலை முதலில் காட்டுங்கள்.

மூன்றாவது துப்பு, கொடைக்கானலில் வெளுத்து நீலமான விரல்கள். சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், உண்டு. அதற்கு ரேனாட் என்று பெயர், குளிரில் விரல் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வது. ஷோக்ரன், லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்ற ஆட்டோ இம்யூன் நோய்கள் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். ப்ரொப்ரனலால் இந்தச் சுருக்கத்தை அதிகமாக்கும். உங்கள் கை ஜில்லிட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மேலும் 104/70 பி.பி. உள்ளவருக்கு 40 மி.கி. தலைசுற்றலைத் தருவதும் எதிர்பார்க்கக்கூடியதே. பாட்ஸில் இந்த மருந்தைக் கொடுப்பதுண்டு, ஆனால் 10 முதல் 20 மி.கி. என்ற சின்ன அளவில். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உங்கள் மன பலவீனத்தின் கணக்கில் எழுதாதீர்கள். விரல் விஷயத்தை இதய மருத்துவரிடமும், மூட்டு மற்றும் ஆட்டோ இம்யூன் நோய்களைப் பார்க்கும் வாத நோய் மருத்துவரிடமும் சொல்லுங்கள். யாரும் கேட்காததால் நீங்கள் சொல்லாமல் இருந்திருப்பீர்கள்.

ஷோக்ரன் நோய்க்கே உரிய இன்னொரு விஷயம், பொட்டாசியம். இந்த நோயில் சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்பட்டு, அமிலத்தை வெளியேற்ற முடியாமல் பொட்டாசியத்தை இழந்துகொண்டே இருக்கும். யூரியா, கிரியேட்டினின் நார்மலாக இருக்கும்போதே இது நடக்கும், அதனால் தவறிப்போகும். கால் துவள்வதும் படபடப்பும் பொட்டாசியம் குறைந்தாலும் வரும். சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் மூன்றையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இது இல்லை. அவசியம் எடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆறு மாத ஸ்டீராய்டு நிறுத்தியபின், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பு சிலருக்கு மந்தமாகவே இருந்துவிடும். களைப்பு, பி.பி. குறைவு, குமட்டல், எடை குறைதல் எல்லாம் சேர்ந்து இருந்தால் காலை எட்டு மணி கார்டிசால் பரிசோதனையை மருத்துவர் யோசிப்பார். டிஎஸ்எச் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் திரும்ப எடுங்கள், தைராய்டைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் ஷோக்ரனோடு சேர்ந்தே வரும் வழக்கம் உள்ளது.

உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் இசிஜி எடுக்கும் ஹோல்டர் பதிவும் ஒருமுறை தேவை. தூங்கும்போது துடிப்பு இறங்குகிறதா என்பது அதில் தெரியும். உட்கார்ந்திருக்கும்போதும் 100-க்கு மேல், நாள் முழுவதின் சராசரி 90-க்கு மேல், வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றால் அது பாட்ஸ் இல்லை, அதற்கு அண்ணன் தம்பி முறையில் வரும் இன்னொரு நிலை. இன்னொன்று, சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று ஆரம்பித்து 150, 180 என்று ஓடி, அதேபோல் திடீரென்று நிற்கும் படபடப்பு. அது இதயத்தின் மின்பாதைக் கோளாறு. வடிகுழாய் வழியாகச் சென்று அந்தப் பாதையைச் சுட்டுவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். உங்கள் வர்ணனை அப்படி இல்லை. இருந்தாலும் ஹோல்டர் அதையும் பார்த்துவிடும்.

இனி, சோதனையெல்லாம் முடியும்வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முன் இரண்டு பெரிய டம்ளர், அதாவது அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். சில நிமிடங்களில் பி.பி. சற்று ஏறும், ஒரு மணி நேரம்வரை அந்தப் பலன் இருக்கும். இரவே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இரண்டு முதல் மூன்று லிட்டர். ஆசிரியைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லை. நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது.

உப்பு விஷயத்தில் ஊருக்குச் சொல்வதை உங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கலாம். பொதுவாக ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறோம். பாட்ஸ் உறுதியானால் 10 கிராம்வரைகூடப் போகச் சொல்வதுண்டு, ரத்த அளவைக் கூட்டுவதற்காக. ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரக பாதிப்பு, இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கு இது விஷம். லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதித்தவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ரிப்போர்ட் நன்றாக வந்து உங்கள் டாக்டர் சரி என்றால், உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர், வெயில் நாளில் ஓஆர்எஸ் கரைசல் என்று கூட்டிக்கொள்ளலாம்.

மதியம் ஒரு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டதும் படபடப்பு கூடுகிறதா என்று கவனியுங்கள். செரிமானத்துக்காக ரத்தம் குடலுக்குப் போவதால் அப்படி ஆகும். அளவைக் குறைத்து, வேளையைக் கூட்டுங்கள், சோற்றோடு சுண்டலோ முட்டையோ தயிரோ இருக்கட்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதங்கள் இப்போதைக்கு வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், எனவே வெதுவெதுப்பான நீரில், முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள். ஷோக்ரன் உள்ள சிலருக்கு வியர்வையும் குறையும், உடம்பு சூட்டை வெளியேற்றத் தெரியாமல் தவிக்கும். கத்திரி வெயில் மாதத்தில் உங்கள் படபடப்பு கூடினால் நோய் முற்றிவிட்டதென்று எண்ண வேண்டாம்.

வயிற்றைச் சுற்றி இறுக்கும் பெல்ட், பிரசவத்துக்குப் பிறகு கட்டுவார்களே அதேதான், பள்ளிக்குப் போகும் நாட்களில் கட்டிப் பாருங்கள். புடவைக்குள் தெரியாது. கெண்டைக்கால்வரை மட்டும் போடும் இறுக்கமான உறையைவிட இது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது, ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றுப் பகுதியில் என்பதால். இரவில் கழற்றிவிடுங்கள். கோயில் வரிசையிலோ பேருந்திலோ நின்றே ஆக வேண்டுமென்றால் கால்களைக் கத்தரிக்கோல் போலக் குறுக்காக வைத்துத் தொடைகளை இறுக்குங்கள், குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

வகுப்பறையில் நாற்காலி கேளுங்கள். கூச்சப்படுவீர்கள் என்று தெரியும், உட்கார்ந்து பாடம் நடத்துவதை இன்னும் சோம்பேறித்தனமாகப் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. உயரமான ஒரு ஸ்டூல் இருந்தால் போர்டும் எட்டும். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். கண் இருட்டிக் கரும்பலகை முன் விழுந்து தலையில் அடிபட்ட பிறகு கிடைக்கும் நாற்காலியால் யாருக்கும் நன்மையில்லை.

உடற்பயிற்சியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். நிற்கவே முடியாதவளிடம் பயிற்சியா என்று. ஆனால் நீண்ட காலத்துக்குப் பலன் தருவதில் இதுதான் முதலிடம். இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். "தினமும் வேகமாக நடங்கள்" என்று எல்லோருக்கும் சொல்வது உங்களுக்குத் தொடக்கத்தில் ஒத்துவராது. படுத்தபடி கால்களை ஒவ்வொன்றாக உயர்த்துவது, படுத்தபடி இடுப்பைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து தரையில் வைத்த சிறு பெடலை மிதிப்பது, வசதி இருந்தால் நீச்சல். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்குச் சில நிமிடங்கள் என்று கூட்டுங்கள். முதல் சில வாரங்கள் இன்னும் களைப்பாகத்தான் இருக்கும். மூன்று மாதம் பொறுத்தால் தொடையும் கெண்டைக்காலும் பலப்பட்டு ரத்தத்தை மேலே தள்ளத் தொடங்கும். மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்க முடியவில்லை என்றால் மருந்துகள் இருக்கின்றன. ரேனாட் இருக்கும் உங்களுக்கு ஐவாப்ரடின் பொருந்தலாம். அது துடிப்பை மட்டும் குறைக்கும், பி.பி.யை இறக்காது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது கூடாது, குழந்தை எதிர்பார்ப்பவர்களும் தவிர்க்க வேண்டும். சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளோடும் சேரக்கூடாது. மிடோட்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கும், எனவே உங்கள் விரல்களை நினைத்து யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஃப்ளூட்ரோகார்டிசோன் உப்பைத் தேக்கும், அதே நேரம் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் பார்க்காமல் உங்களுக்கு அதை ஆரம்பிக்கவே கூடாது.

இணையத்தில் தேடினால் நரம்பு ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனைகளுக்கு விளம்பரம் கண்ணில் படும். பணத்தைச் செலவழிக்காதீர்கள். பாட்ஸ் உள்ளவர்களிடம் அவை இருப்பதாக முதலில் ஆய்வுகள் வந்தன. ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில் இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் இருந்தன. இம்யூனோகுளோபுலின் ஊசியும் அப்படியே. விலை லட்சங்களில், பாட்ஸுக்காகக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. நரம்புச் சேதம் உறுதியாகி, வாத நோய் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து சொன்னால் அப்போது அது வேறு பேச்சு.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். திடீர் மூச்சுத்திணறல், அதோடு ஒரு கால் மட்டும் வீக்கம்: நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். படுத்தால் கூடி, முன்னே குனிந்தால் குறையும் நெஞ்சுவலி: இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். படியேறும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுவது. காய்ச்சலோடு, படுத்திருக்கும்போதும் 120-க்கு மேல் துடிப்பு. இவற்றில் எது வந்தாலும் பாட்ஸ்தான் என்று நினைத்துப் படுத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி, காலம் முழுக்க இதோடு வாழ வேண்டுமா. பாட்ஸால் மாரடைப்பு வராது. ஆயுளைக் குறைப்பதாகவும் தெரியவில்லை. சில ஆண்டுகளில் பலருக்கு நன்றாகக் குறைகிறது. ஷோக்ரன் கூடவே இருப்பவர்களுக்கு ஏற்ற இறக்கம் அதிகம், மாதவிடாய் நாட்களில், காய்ச்சல் வந்த வாரங்களில், கோடையில் திரும்ப எட்டிப்பார்க்கும். முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் அன்றாடத்தை ஆள்வது அதுவா நீங்களா என்பது மாறும், அதை என் நோயாளிகளிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சோதனையும் முடிந்து எந்தப் பெயரும் பொருந்தாமல் போனாலும் மேலே சொன்ன தண்ணீரும் பயிற்சியும் உங்களுக்கு உண்டு, சிகிச்சைக்குப் பெயர் கட்டாயமில்லை.

படபடப்போடு பயமும் வருகிறதென்றால் அதில் அதிசயமில்லை. நிற்கும்போது உடம்பு சுரக்கும் நோர்அட்ரினலின் பயத்தில் சுரக்கும் அதே பொருள்தான். மனநல ஆலோசகரிடம் போக விரும்பினால் தாராளமாகப் போங்கள், நீண்ட நோயோடு இருப்பவர்களுக்கு அது துணை. படுத்தும் நின்றும் எண்ணிப் பார்க்காமலே உங்களை அங்கே அனுப்புவதைத்தான் நான் ஏற்கவில்லை. வீட்டாரை ஒருநாள் காலை அந்தச் சுவர்ச் சோதனைக்கு உட்கார வையுங்கள். உங்கள் கணவரே கருவியைப் பார்த்து எண்களை எழுதட்டும்.

அந்தத் தாளோடு, இரும்பு, பி12, பொட்டாசியம், பைகார்பனேட், சிறுநீர்ப் புரதம் ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் வாத நோய் மருத்துவரிடம் போங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் வாத நோய்க்கென்றே தனித் துறைகள் உள்ளன. இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வு மாறும். ஷோக்ரன் உள்ள பலருக்கு இருக்கும் ரோ ஆன்டிபாடி உங்களுக்கும் இருந்தால், கர்ப்பத்தின்போது குழந்தையின் இதயத் துடிப்பைத் தனியாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும். முடிவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். குறிப்பாகப் பொட்டாசியம் என்ன வந்தது என்று தெரிய வேண்டும்.